பட்டாளத்துக்குப் போன பாட்டனார்: எந்த ஆண்டில்?



யூபிலி என்பது நினைவுகூரும் காலம். கோயிலுக்குக் கல் சுமந்தவர்களையும், மணி வாங்கித் தந்தவர்களையும், மறைபரப்பிய குருக்களையும் இம்மலரின் பிற பக்கங்கள் நினைவுகூருகின்றன. ஊரை விட்டுப் போருக்குச் சென்றவர்களை நினைவுகூர நாம் இப்பக்கங்களை எடுத்துக்கொள்கிறோம்.

"எங்கள் பாட்டனாரைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்ற பேச்சு நம் குடும்பங்களில் வழங்கிவருவது யாவரும் அறிந்ததே. எந்த ஆண்டில் என்று கேட்டாலோ, "வெள்ளைக்காரன் காலத்தில்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்த ஆண்டைக் கண்டறியும் வழி என்ன? அதைக் கண்டறிவதால் நமக்கு என்ன பயன்? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

சட்டமும் வறுமையும்

இங்கிலாந்தில் 1916 ஜனவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நிறைவேறியது. முதலில் மணமாகாத ஆடவரையும், அதே ஆண்டில் மணமானவரையும் அது கட்டுப்படுத்தியது. இந்தியருக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. 1917இல் இந்தியாவில் வந்த கட்டாயச் சட்டமும் இங்கு வாழ்ந்த ஐரோப்பிய பிரித்தானியக் குடிகளை மட்டுமே சார்ந்தது. முதற்போரில் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் சென்றனர். இரண்டாம் போரில், 1939இல் ஏறத்தாழ 2 இலட்சமாயிருந்த இந்தியப் படை, 1945இல் 25 இலட்சமாகப் பெருகியது. இவர்கள் அனைவரும் சட்டத்தின் கண்களில் தாமாக முன்வந்து சேர்ந்தவர்களே.

அப்படியானால் குடும்பத்தார் சொல்வது பொய்யா? அன்று. பஞ்சாபில் 1917, 1918 ஆண்டுகளில் ஊர்தோறும் இத்தனை பேர் வேண்டும் என்று கணக்கு வைத்து, அதிகாரிகள் நெருக்கி ஆள் சேர்த்தது வரலாறு. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, விலைவாசி ஏறியது. நிலமற்ற ஒருவர் சம்பளமும் சோறும் உடையும் கிடைக்குமென்று கைநாட்டு வைத்தபோது, அவரைப் பிடித்தது சட்டமன்று, வறுமை. அவர் சென்ற ஆண்டு தெரிந்தால்தான், எது அவரைப் பிடித்தது என்பதும் நமக்குத் தெரியவரும்.

பெட்டியில் உள்ள சான்றுகள்

கைநாட்டு வைத்தவருக்குத் தாள் உண்டு. ஆகவே முதலில் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். படையிலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தால், சேர்ந்த நாளே அதில் இருக்கும். அது இல்லையேல் பதக்கத்தைத் தேடுங்கள். முதற்போரின் பதக்கமாயின் அதன் விளிம்பைக் கவனியுங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். பழம்பொருள் வாங்குபவரிடம் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

இரண்டாம் போரின் இந்தியச் சேவைப் பதக்கம், 1939 செப்டம்பருக்கும் 1945 செப்டம்பருக்கும் இடையே மூன்றாண்டுகள் பணிபுரிந்தோருக்கு உரியது. அதைப் பெற்றவர் 1942 செப்டம்பருக்குப் பின் சேர்ந்திருக்க இயலாது. பர்மா நட்சத்திரம் 1941 டிசம்பருக்குப் பிற்பட்ட பணிக்கு உரியது.

படைப்பிரிவின் பெயரும் காலம் காட்டும். இந்திய இராணுவ மருத்துவப் படை 1943 ஏப்ரலில்தான் அமைந்தது. அதற்கு முன் அப்பணியில் இருந்தது இந்திய மருத்துவமனைப் படை. இவ்விரு பெயர்களுள் எது தாளில் உள்ளது என்பதைக் கொண்டே தாளின் காலத்தை ஒருவாறு வரையறுக்கலாம். எண்ணும் பிரிவும் தெரிந்தபின், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகேட்டு, உரிய ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். போரில் இறந்தவரின் பெயரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடலாம். பர்மாவில் தவுக்கியான் என்னுமிடத்தில் உள்ள இரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும், கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 வீரரின் பெயர்கள் உள்ளன.

கோயில் ஏடுகள்

பெட்டியில் ஒன்றுமில்லை எனில், பங்கு அலுவலகத்தின் அலமாரி உண்டு. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்குக் குரு ஐந்து ஏடுகளை எழுதிவர வேண்டுமெனப் பணித்தது: திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, குடும்ப நிலை. குடும்ப ஏடு நீங்கலாக மற்றவற்றின் படி ஆண்டுதோறும் ஆயர் இல்லத்துக்கும் செல்ல வேண்டுமென அத்தொகுப்பு விதித்திருந்தது. எனவே இங்குக் கரையான் தின்றது அங்குப் பிழைத்திருக்கக்கூடும்.

இவை போரைப் பற்றிய ஏடுகள் அல்ல. எனினும் போரின் சுவடு இவற்றில் உண்டு. ஒருவருடைய பிள்ளைகளின் திருமுழுக்கு நாள்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். இரண்டாண்டுக்கு ஒன்றாக வந்த பிள்ளைகள் 1941இல் நின்று, 1947இல் மறுபடி தொடருமானால், இடையில் தந்தை வீட்டில் இல்லை என்று கருத இடமுண்டு. பிள்ளைகள் பிறந்து இறந்தும் இருக்கலாமாகையால் இறப்பு ஏட்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். 1908 முதல், ஒருவர் எங்கே மணமுடித்தாலும் அச்செய்தியை அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரின் ஏட்டு ஓரத்தில் குறிக்க வேண்டுமென்பது விதி. நம்மூரில் திருமுழுக்குப் பெற்றவர் 1944இல் பெங்களூரில் மணந்திருந்தால், அந்த ஓரக் குறிப்பே அவர் அன்று இருந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரே ஊரில் பல சவரிமுத்துகளும் அந்தோணிகளும் இருப்பர். தந்தையின் பெயரையும் ஞானப் பெற்றோரின் பெயரையும் ஒத்துப் பாராமல் முடிவு கட்டலாகாது.

தாள் இல்லாதவர்கள்

இனி, உண்மையாகவே பிடித்துச் செல்லப்பட்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலேயாத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற நம் மக்கள் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஜப்பானியர் ஆட்சியில் சிக்கினர். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட ஆள் தேவைப்பட்டது. கூலி தருவதாகச் சொல்லிச் சிலரையும், தோட்டங்களில் வளைத்துப் பிடித்துப் பலரையும், பெரும்பாலும் 1943இல், இரயிலேற்றினர். அவர்களுக்குத் துப்பாக்கி இல்லை, எண் இல்லை, பதக்கம் இல்லை. காலராவும் பசியும் அவர்களை வாரிக்கொண்டன. பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கு மாண்ட நேசநாட்டுக் கைதிகளுள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் கல்லறைகள் வரிசையாக உள்ளன. ஆசியத் தொழிலாளர் இதைப்போல் பன்மடங்கு மடிந்தும், அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை.

இவர்களின் காலத்தை வீட்டில் வந்து நின்ற மௌனத்தைக் கொண்டே கணிக்க வேண்டும். கடைசி மணியார்டர் எப்போது வந்தது? கடைசிக் கடிதத்தின் தபால் முத்திரை எது? 1945க்குப் பின் கப்பலில் திரும்பிய அண்டை வீட்டார் என்ன சொன்னார்கள்?

திருச்சபையிடமும் ஒரு சான்று இருக்கக்கூடும். கணவன் பல்லாண்டு திரும்பாத காரணத்தால் மட்டும் மனைவி மறுமணம் செய்ய இயலாது. அவன் இறந்தான் என்பது சாட்சிகளால் விசாரித்து உறுதிப்பட வேண்டும். 1868இல் உரோமை வகுத்த இந்த நெறி இன்றைய சட்டத் தொகுப்பிலும் நிலைத்திருக்கிறது. அவ்வாறு விண்ணப்பித்த பெண்ணின் விசாரணைத் தாள்கள் ஆயர் இல்லத்தில் இருக்குமானால், "கடைசியாக இன்ன இடத்தில் இன்ன மாதத்தில் பார்த்தேன்" என்னும் சாட்சிமொழி அவற்றில் கிடைக்கலாம். விண்ணப்பிக்க வழியறியாதவர்களோ, மனைவியென்றும் கைம்பெண்ணென்றும் சொல்ல முடியாமல் காலங்கழித்தனர். அவர்களது வாழ்வும் இந்த வரலாற்றின் ஒரு பகுதியே.

நம் கடமை

கைநாட்டு வைத்தவரின் பெயரை அரசாங்கம் காத்துவைத்திருக்கிறது. பிடித்துச் செல்லப்பட்டவரின் பெயரைக் காக்க நம்மையன்றி எவருமில்லை. அதை நினைவில் வைத்திருக்கும் முதியோரும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் எழுதித் தருமாறு வேண்டுகிறோம்: சென்றவர் பெயர், தந்தை பெயர், சென்ற இடம், கடைசியாகச் செய்தி வந்த காலம், சொன்னவர் யார் என்பவை. உறுதியாகத் தெரிந்ததை உறுதியென்றும், கேள்விப்பட்டதைக் கேள்வியென்றும் பிரித்து எழுதுங்கள். அத்தாள்களைக் கோயில் ஏடுகளோடு சேர்த்துவைப்போம். வரும் நவம்பர் 2ஆம் நாள், இறந்த அனைவருக்குமான திருப்பலியில் அப்பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். எந்தக் கல்லிலும் இல்லாத பெயர்கள் அன்றேனும் நம் கோயிலில் ஒலிக்கட்டும்.