கோயில் சாவியும் ரூட் பாஸ்வேர்டும்

மாமல்லபுரத்துப் பட்டறைகளில் சாமி சிலையைச் செதுக்குவது ஒரு வேலை. அதைக் கோயிலில் நிறுவுவது வேறு வேலை. செதுக்குகிறவர் கையில் யாரும் கருவறைச் சாவியைக் கொடுப்பதில்லை. மென்பொருள் நிறுவுவதில் மட்டும் இந்த இரண்டையும் ரொம்ப காலமாக ஒன்றாகவே போட்டுக் குழப்பி வைத்திருந்தோம்.

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது, அடிப்படை டெபியன். 1993-ல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியனின் பொதி முறைதான் அதிலும்.

ஒரு டெப் பொதியைத் திறந்து பாருங்கள். நகலெடுக்க வேண்டிய கோப்புகள் ஒரு பக்கம். நிறுவும் முன்னும் பின்னும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகள் இன்னொரு பக்கம். அந்த ஸ்கிரிப்டுகள் ரூட் அதிகாரத்தில் ஓடும், அதாவது கணினியில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு சின்ன விளையாட்டுக்கும் இதே கதைதான்.

இதன் விலையைக் கொடுப்பவர் கல்லூரி லேபில் உட்கார்ந்திருக்கும் மாணவர். ஒரு தமிழ் எழுத்துருவைத் தன் ஃபோல்டரில் போட்டுக்கொள்ள அவருக்கு யார் அனுமதியும் வேண்டாம். அதே எழுத்துரு டெப் பொதியாக இருந்தால் ரூட் பாஸ்வேர்ட் கேட்கும். பாஸ்வேர்டைக் கொடுத்தால் மற்ற மாணவர்களுக்கு ஆபத்து, கொடுக்காவிட்டால் இவருக்கு வேலை ஓடாது.

2006-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வேட்டில் எல்கோ டோல்ஸ்ட்ரா விரித்துச் சொன்ன நிக்ஸ், முடிச்சை வேறு இடத்தில் அவிழ்த்தது. ஒவ்வொரு பொதிக்கும் தனி அறை; பொதியின் ஸ்கிரிப்டுக்கு ரூட் அதிகாரம் கிடையாது. பொது இடத்தில் எழுதுவது நம்பகமான ஒரு பின்னணிச் சேவை மட்டுமே. ஒருவர் நிறுவியது அடுத்தவர் கணக்கைத் தொடாது. ஆனால் சும்மா கிடைக்கவில்லை: வட்டில் நிறைய இடம் பிடிக்கும், அந்தச் சேவையை அமைக்க முதல் தடவை ரூட் வேண்டும்.

டெபியனும் சும்மா இருக்கவில்லை. 2015-ல் வந்த ஏபிடி 1.1, பதிவிறக்கும் வேலையை அதிகாரம் குறைந்த தனிப் பயனரிடம் ஒப்படைத்தது. ஸ்கிரிப்டுகள் மட்டும் இன்னும் ரூட்டில்தான்.

என்னைக் கேட்டால், புதிதாகப் பொதி மேலாளர் வடிவமைப்பவர் "ரூட் வேண்டுமா?" என்று ஒரே தடவை கேட்டு முடிக்கக் கூடாது. இறக்குவது, பிரிப்பது, வைப்பது, இயக்குவது என ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலான படிகளுக்கு 'வேண்டாம்' என்பதுதான் பதிலாக இருக்கும்.