றசலைச் சூழ்ந்த அணி



கூடைப்பந்தாட்டத்திலே ஒரு பக்கத்துக்கு ஐவரே நின்று ஆடுவர். ஐவருள் ஒருவர் பேராற்றல் படைத்தவராயின் வெற்றி தானே வந்தெய்தும் என்று எண்ணுவது இயல்பு. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தின் வரலாறு அவ்வெண்ணத்துக்கு இடங்கொடுக்கவில்லை. வில்ற் சேம்பர்லின் என்னும் நெடியர் 1962ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார்; அப்பருவம் முழுவதற்கும் அவருடைய சராசரி ஐம்பதுக்கு மேல். ஆயினும் அவ்வாண்டு வாகை சூடியது பொஸ்ரன் நகரத்துச் செல்ற்றிக்ஸ் அணி. சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவ்வணியின் பில் றசலுக்கே கிடைத்தது. றசலோ எந்தப் பருவத்திலும் சராசரி இருபது புள்ளியை எட்டியவரல்லர்.

1950இல் பொஸ்ரனின் பயிற்சியாளராக வந்தவர் றெட் ஓவர்பாக். கூசியின் பந்து வழங்குந் திறனும், ஷார்மனின் குறி தவறாத எறிதலும் புள்ளிகளைக் குவித்தன. கிண்ணம் மட்டும் கைகூடவில்லை. கூடையில் மோதித் திரும்பும் பந்தைக் கைப்பற்ற ஆளில்லை. அது கைக்கு வராமல் விரைந்தோடித் தாக்குவது எங்ஙனம்? 1956இல் ஓவர்பாக், மக்கோலி, ஹேகன் என்னும் இருவரைச் செயின்ற் லூயிஸ் அணிக்குக் கொடுத்து, றசலைத் தெரிவு செய்யும் உரிமையைப் பெற்றார். கொடுத்த விலை சிறிதன்று. 1958இல் அவ்விருவரையுங் கொண்ட அணியே பொஸ்ரனைத் தோற்கடித்தது.

மெல்பேண் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றபின், அவ்வாண்டு டிசெம்பரிலேதான் றசல் அணியிற் சேர்ந்தார். எதிரி எறியும் பந்தை அரங்கத்துக்கு வெளியே பறக்க அறைவது பலர் வழக்கம். பார்ப்போர்க்கு அது வேடிக்கை. றசல் அதனைத் தட்டித் தம் தோழர் கைக்கே சேர்ப்பார். மறுகணம் அது மறுபுறக் கூடையை நோக்கி ஓடும். பின்னால் அவர் நிற்கின்றார் என்ற துணிவில் முன்னால் நிற்போர் எதிரியை நெருக்கினர். ஏமாந்தாலும் காக்க ஆளுண்டு. தனியொருவர் திறமை ஐவருக்கும் பயன்பட்ட வகை இதுவே.

எனினும் ஒரே கூட்டம் பதின்மூன்று ஆண்டுகள் நிலைத்திருத்தல் இயலாது. ஓவர்பாக்கின் முன்யோசனையை இங்கேதான் வியக்கின்றேன். ஷார்மன் 1961இல் விலகியபோது சாம் ஜோன்ஸ் நான்கு ஆண்டுப் பழக்கத்துடன் அணியில் இருந்தார். கூசி 1963இல் ஓய்வு பெற்றபோது, றசலின் கல்லூரித் தோழர் கே. சி. ஜோன்ஸ் அவ்விடத்தை ஏற்றார். நல்ல வீரரொருவரைத் தொடக்கத்தில் இறக்காது, ஆறாமவராக அனுப்பிக் களைத்த எதிரியைத் தாக்குவித்தல் அவர் உத்தி. அப்பணியை முதலில் றம்சியும், பின்னர் 1962இல் வந்த ஹவ்லிசெக்கும் ஆற்றினர். 1959 முதல் 1966 வரை எட்டு ஆண்டுகள் கிண்ணம் பொஸ்ரனை விட்டு அகலவில்லை.

றசல் கறுப்பினத்தவர் என்பதையுஞ் சொல்லவேண்டும். 1961இல் கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரனில் விடுதியொன்று கறுப்பின வீரர்க்கு உணவளிக்க மறுத்தது. றசலும் தோழரும் ஆட மறுத்து ஊர் திரும்பினர். பொஸ்ரனை அடுத்த றெடிங் என்னும் ஊரில் அவர் வீட்டினுட் புகுந்த தீயோர் பரிசுகளை உடைத்துச் சுவரில் இழிமொழி எழுதினர். வெளியே நிலைமை இதுவாயினும், அணிக்குள் ஆற்றலொன்றே அளவுகோலாயிற்று. 1964 டிசெம்பரில் ஐந்து கறுப்பின வீரரை ஒருங்கே தொடக்கத்தில் ஓவர்பாக் களமிறக்கினார். அதற்குமுன் அச்சங்கத்தில் எவருஞ் செய்யாதது அது. 1966இல் தாம் விலகியபோது பயிற்சியாளர் பொறுப்பையும் றசலிடமே ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு சேம்பர்லினின் பிலதெல்பியா வென்றது. பின் 1968, 1969 ஆகிய இரண்டும் பொஸ்ரனுக்கே. பதின்மூன்று பருவங்களில் பதினொரு வாகை.

1972இல் அவருடைய 6ஆம் இலக்கச் சட்டையைப் பொஸ்ரன் அரங்கின் முகட்டில் ஏற்றினர். பார்வையாளர் உள்ளே வருமுன்பே அது நடைபெறவேண்டும் என்று றசல் கேட்டுக்கொண்டார். வெற்றிருக்கைகளின் நடுவே, பழைய தோழர் சிலர் மட்டும் அருகில் நின்றனர்.