கரையோர விடுதியும் மீளும் படகும்

இங்கிலாந்தின் கால்வாய்க் கரை விடுதிகளை வெறும் மதுக்கடைகள் எனக் கருதுதல் பொருந்தாது. அவை ஒரு தொழிலின் சுவடுகள். ஜேம்ஸ் பிரிண்ட்லி பொறியாளராக நின்று அமைத்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாயில் 1761இல் நிலக்கரிப் படகுகள் ஓடின. அதன்பின் நாடெங்கும் கால்வாய்கள் கிளைத்தன. ஏழடி அகலப் படகைக் கரைவழியே குதிரை இழுத்தது. குதிரைக்குக் கொட்டிலும் படகோட்டிக்கு ஒரு குவளை பியரும் அளித்தன விடுதிகள்.

நார்தாம்ப்டன்ஷயரின் ஸ்டோக் புரூயர்ன் அத்தகையதோர் ஊர். அதனருகே 1805இல் திறக்கப்பெற்ற பிளிஸ்வொர்த் சுரங்கத்தின் நீளம் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர். உள்ளே குதிரைக்கு வழியில்லை. ஆட்கள் படகில் மல்லாந்து கிடந்து, சுவரைக் கால்களால் உதைத்தே படகை நகர்த்தினர். அவ்வூரில் புற்கூரை வேய்ந்த 'போட் இன்' விடுதி இன்றும் கால்வாயை நோக்கி நிற்கிறது.

புகைவண்டியின் போட்டியால் வருவாய் சுருங்கவே, படகோட்டிகள் பலர் குடும்பத்தோடு படகின் சிற்றறையிலேயே வாழ்ந்தனர். எல்.டி.சி. ரோல்ட் தம் படகுப் பயணத்தை 1944இல் 'நேரோ போட்' என்னும் நூலாக்கினார். அதன் தாக்கத்தால் 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. 1962-63 கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்தன. சரக்குப் படகுத் தொழில் பெரும்பாலும் ஓய்ந்தது. 1963இல் ஸ்டோக் புரூயர்னில் கால்வாய் அருங்காட்சியகம் எழுந்தது.

இன்று விடுமுறைப் படகினர் தம் மனத்துக்குகந்த விடுதிகளை நாடி ஆண்டுகள்தோறும் மீள்கின்றனர். சுமைப்படகு மறைந்தும் விடுதி வாழ்வது இவர்களால்தான். ஆயின், அவ்விருக்கைகளில் முன்னர் அமர்ந்தோருள் பலர் எழுத்தறியாதவர். தம் கதையைத் தாமே எழுதிவைக்க இயலாதவர். மீண்டும் மீண்டும் செல்லுதல் இடத்தைக் காக்கும். அங்கு உழைத்தவரைக் காப்பது எழுத்தே.