திறந்தவெளி அரசியல் விழாக்களில் குளிர்: தொப்பியும் உடல்நலப் பாதுகாப்பும்

பதவியேற்பு விழா, அணிவகுப்பு, நினைவஞ்சலி போன்ற அரசியல் நிகழ்ச்சிகள் பல நாடுகளில் கடுங்குளிரிலும் திறந்தவெளியில் நடைபெறுகின்றன. இவற்றில் பங்கேற்போர் பல மணிநேரம் அசையாது அமர்ந்தோ நின்றோ இருக்க நேரிடுகிறது. முதியோருக்கும், இதயம், நுரையீரல் ஆகியவற்றில் நோயுள்ளோருக்கும், நீரிழிவு உள்ளோருக்கும் இது ஆபத்தாக முடியலாம். குளிரால் வரும் கேடு எது, தொப்பி எந்த அளவு காக்கும், எப்போது மருத்துவரை அணுக வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

குளிருக்குப் பெயர்பெற்ற விழா

அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பதவியேற்பு விழா வாஷிங்டன் நகரில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் திறந்தவெளியில் நடைபெறுவது வழக்கம். முன்பு மார்ச் 4 அன்று நடந்த இவ்விழா, 1937 முதல் கடுங்குளிர்க் காலமான ஜனவரி 20-க்கு மாறியது.

- 1873 மார்ச் 4: நண்பகல் வெப்பநிலை சுமார் −9 டிகிரி செல்சியஸ், பலத்த காற்றும் வீசியது. மேலங்கியின்றி ஒன்றரை மணிநேரத்திற்கு மேல் நின்ற படைப்பள்ளி மாணவர்களில் சிலர் மயங்கி விழுந்தனர்.
- 1961 ஜனவரி 20: முந்தைய நாள் சுமார் 20 சென்டிமீட்டர் பனி பெய்திருந்தது. நண்பகல் வெப்பநிலை −6 டிகிரி. ஜான் கென்னடி உயர்ந்த பட்டுத் தொப்பி அணிந்து வந்தார். உரையாற்றும்போது அதைக் கழற்றியிருந்தார்.
- 1985 ஜனவரி 21: நண்பகல் வெப்பநிலை −14 டிகிரி. காற்றின் வேகத்தால் பிற்பகலில் அது −23 முதல் −29 டிகிரி வரையிலான குளிராக உணரப்பட்டது. ரொனால்டு ரீகனின் பதவியேற்பு கட்டடத்தின் உள்ளே நடத்தப்பட்டது, அணிவகுப்பு கைவிடப்பட்டது.
- 2025 ஜனவரி 20: கடுங்குளிர் காரணமாக விழா மீண்டும் உள்ளரங்கில் நடைபெற்றது.

தொப்பி அணியாததால் ஒருவர் இறந்தாரா?

1841 மார்ச் 4 அன்று 68 வயதான வில்லியம் ஹென்றி ஹாரிசன், தொப்பியும் மேலங்கியும் இன்றி ஏறத்தாழ 1 மணி 40 நிமிடம் பதவியேற்பு உரை நிகழ்த்தினார். சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 4 அன்று இறந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்தவர் நோயை நிமோனியா (நுரையீரல் அழற்சி) எனக் கருதினார். தலையை மூடாமல் குளிரில் நின்றதே இறப்புக்குக் காரணம் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக நிலவி வருகிறது.

ஆயினும் அந்நாளின் நண்பகல் வெப்பநிலை சுமார் 9 டிகிரி. உறைநிலைக்கு மேலேயே இருந்தது. நோய் அறிகுறிகள் தோன்றியதோ மார்ச் 26-இல், அதாவது மூன்று வாரங்கள் கழித்து. குளிரால் உடல்வெப்பம் குறைந்திருந்தால் அதன் விளைவு அன்றே தெரிந்திருக்கும். 2014-இல் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்று, குடல்சார்ந்த அறிகுறிகளையும், வெள்ளை மாளிகையின் குடிநீர் கழிவுகளால் மாசுபட்டிருக்கக்கூடிய நிலையையும் ஆராய்ந்து, டைபாய்டு வகைக் காய்ச்சலே காரணமாக இருக்கலாம் எனக் கூறுகிறது.

இச்செய்தி நோயாளிகளுக்கும் பராமரிப்போருக்கும் இன்றும் பயனுள்ளது. "குளிர் பட்டதால் வந்த காய்ச்சல்" என்று முடிவு செய்துவிட்டால், உண்மையான காரணத்தைத் தேடுவது தள்ளிப்போகும்; சிகிச்சையும் தாமதமாகும்.

குளிர் நிமோனியாவை உண்டாக்குமா?

குளிர் மட்டுமே நிமோனியாவை உண்டாக்குவதில்லை. பாக்டீரியா, வைரஸ் முதலிய கிருமிகளே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஆயினும் குளிர்காலத்தில் மக்கள் நெருங்கியிருப்பதாலும், காய்ச்சல் வைரஸ்கள் எளிதில் பரவுவதாலும் தொற்று பெருகுகிறது. குளிர்ந்த, வறண்ட காற்று மூச்சுக்குழாயை உறுத்தும்.

எனவே குளிரை அலட்சியம் செய்வதும் தவறு. 1853 மார்ச்சில் பதவி விலகிய தலைவரின் மனைவியான அபிகேல் ஃபில்மோர், ஈரமும் குளிருமான மேடையில் விழா முடியும்வரை அமர்ந்திருந்தார். ஏற்கெனவே நலம் குன்றியிருந்த அவர், சளிபிடித்து நிமோனியா கண்டு அம்மாத இறுதியிலேயே இறந்தார். நோயால் தளர்ந்த உடலுக்குக் குளிர் கூடுதல் சுமை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

குளிரில் உடலுக்குள் நிகழ்வது என்ன?

குளிர் பட்டவுடன் தோலின் இரத்த நாளங்கள் சுருங்குகின்றன. இதனால் உள்ளுறுப்புகளின் வெப்பம் காக்கப்படுகிறது. ஆனால் இரத்த அழுத்தம் உயர்ந்து, இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. விரல்கள், மூக்கு, காது மடல் ஆகியவற்றுக்கு இரத்தவோட்டம் குறைகிறது. பின்னர் தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உடல்வெப்பக் குறைவு எனப்படும் அவசர நிலையாகும்.

காற்றும் ஈரமும் வெப்ப இழப்பை விரைவுபடுத்தும். நடப்பவரைவிட அசையாமல் அமர்ந்திருப்பவர் விரைவில் குளிர்ந்துபோவார். விழாக்களில் இவை யாவும் ஒன்றுசேர்வதே ஆபத்து.

தொப்பி எவ்வளவு காக்கும்?

உடல்வெப்பத்தில் பாதி தலை வழியே வெளியேறுகிறது என்பது பரவலான தவறான கருத்து. வளர்ந்தவர் உடற்பரப்பில் தலையின் பங்கு சுமார் பத்தில் ஒன்றே. அதன்வழி இழக்கப்படும் வெப்பமும் ஏறத்தாழ அந்த அளவினதே. உடலின் மற்ற பகுதிகள் நன்கு மூடப்பட்டு, தலை மட்டும் திறந்திருந்தால், இழப்பில் அதன் பங்கு கூடும். உச்சந்தலையின் இரத்த நாளங்கள் கைவிரல்களில் உள்ளவை போல அதிகம் சுருங்குவதுமில்லை. எனவே தொப்பி அவசியம்; ஆயினும் மெல்லிய உடையின் குறையைத் தொப்பி ஈடுசெய்யாது.

கைக்குழந்தைகளின் உடலில் தலையின் பங்கு பெரிது. அவர்களுக்குத் தொப்பி இன்னும் இன்றியமையாதது. எனினும் கடுங்குளிர் விழாக்களுக்குக் கைக்குழந்தைகளை அழைத்துச் செல்லாதிருப்பதே நல்லது.

எவ்வகைத் தொப்பி ஏற்றது?

- காதுகளை முழுமையாக மூடும் கம்பளித் தொப்பி அல்லது குரங்குக் குல்லா ஏற்றது. பட்டுத் தொப்பி, விளிம்புள்ள தொப்பி போன்றவை கண்ணியமான தோற்றம் தரும், காதுகளைக் காக்கா.
- காற்று பலமாக இருந்தால், கம்பளியின் மேல் காற்றுப் புகாத தலைமூடியுள்ள மேலங்கியை அணியுங்கள்.
- தலைப்பாகை அணிவோர், காதுகள் மூடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.
- தொப்பி நனைந்தால் உடனே மாற்றுங்கள். மாற்றுத் தொப்பி ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.
- நாட்டுப்பண்ணின்போது தொப்பியைக் கழற்றும் மரபு சில நாடுகளில் உண்டு. ஓரிரு நிமிடம் கழற்றுவதால் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை, முடிந்தவுடன் அணிந்துகொள்ளுங்கள்.

யாருக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை?

- முதியோர்: நடுக்கமும் குளிர் உணர்வும் குறைந்திருக்கலாம். "குளிரவில்லை" என்று அவர்கள் கூறுவதை மட்டும் நம்பாமல், கைகளையும் வயிற்றுப் பகுதியையும் தொட்டுப் பாருங்கள்.
- இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளோர்: நெஞ்சுவலி தூண்டப்படலாம்.
- ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளோர்: மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடுங்கள். மூச்சிழுப்பு மருந்தை உடலோடு ஒட்டிய சட்டைப்பையில் வையுங்கள்.
- நீரிழிவு உள்ளோர்: பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் உறைபனிப் பாதிப்பு தெரியாமலே ஏற்படலாம். இன்சுலின் உறைந்துபோகாமல் காக்க வேண்டும். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.
- தைராய்டு குறைபாடு உள்ளோர், தூக்க மருந்து அல்லது பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்வோர்: புறப்படுமுன் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

விழாவுக்குச் செல்லுமுன்

1. வெப்பநிலையோடு காற்றின் வேகத்தையும் அறிந்துகொள்ளுங்கள்.
2. ஒரே தடித்த உடைக்கு மாறாகப் பல அடுக்குகளாக உடுத்துங்கள். வியர்வையை உறிஞ்சும் உள்ளாடை, நடுவே கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத மேலங்கி என அமையட்டும்.
3. கையுறை, கம்பளிக் காலுறை, ஈரம் புகாத காலணி ஆகியவற்றை அணியுங்கள்.
4. சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். மது அருந்த வேண்டாம். அது வெப்பமாக இருப்பதுபோல் தோற்றினாலும் தோலின் நாளங்களை விரித்து வெப்பத்தை இழக்கச் செய்யும்.
5. பாதுகாப்புச் சோதனைக்காகப் பல மணிநேரம் முன்பே வரவேண்டியிருக்கும். குடை, வெந்நீர்க் குடுவை போன்றவை அனுமதிக்கப்படாமல் போகலாம். தடைப் பட்டியலை முன்கூட்டியே பாருங்கள்.
6. காய்ச்சல், நிமோனியா ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

டெல்லியில் ஜனவரி 26 அணிவகுப்பைக் காணத் தமிழகத்திலிருந்து செல்வோருக்கும் இவை பொருந்தும். அங்குக் குளிர் உறைநிலையை எட்டாவிட்டாலும், விடியற்காலையிலேயே வந்து அமர்ந்திருப்பது குளிருக்குப் பழகாத உடலுக்குக் கடினமே.

அபாய அறிகுறிகளும் முதலுதவியும்

கட்டுப்படாத நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாட்டம், குழப்பம், மிகுந்த தூக்கம் ஆகியவை உடல்வெப்பக் குறைவின் அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவர் வெப்பம் பெறாமலே நடுக்கம் நின்று சோர்ந்தால், நிலை மோசமாகிறது என்று பொருள்.

- உடனே அவசர உதவியை அழையுங்கள்: இந்தியாவில் 112, அமெரிக்காவில் 911.
- காற்றில்லாத இடத்திற்கு மெதுவாகக் கொண்டுசெல்லுங்கள். ஈர உடையை நீக்கி, தலையையும் உடலையும் உலர்ந்த கம்பளியால் போர்த்துங்கள்.
- முழு நினைவுடன் இருந்தால் மட்டும் வெதுவெதுப்பான இனிப்புப் பானம் கொடுங்கள்.
- விரல், காது, மூக்கு ஆகியவை வெளிறி மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், நெருப்பருகே காட்டாதீர்கள். மருத்துவ உதவி பெறுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவை தோன்றினால், விழா முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

வீடு திரும்பிய பின்

அடுத்த நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சல் வந்தால், அதைக் குளிரின் விளைவு என ஒதுக்காதீர்கள். மூன்று நாட்களுக்கு மேல் காய்ச்சல், மூச்சு வாங்குதல், நெஞ்சுவலியுடன் இருமல், தொடர் வயிற்றுவலி, முதியோரிடம் திடீர்க் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரை அணுகுங்கள். எங்குச் சென்றீர்கள், என்ன உண்டீர்கள், எந்த நீரைப் பருகினீர்கள் என்பதையும் அவரிடம் கூறுங்கள்.

*இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.*