குப்பை வண்டியின் பின்னால் ஒரு வரலாறு

காலை வேளையில் உங்கள் தெருவுக்குக் குப்பை லாரி வரும்போது அதன் பின்புறத்தை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? குப்பையை அழுத்தி உள்ளே தள்ளும் பெரிய வண்டியாக இருந்தால், அதன் பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொத்தானைக் காணலாம். ஆபத்து நேரும்போது அதை அழுத்தினால் எந்திரம் உடனே நின்றுவிடும். தொட்டியைப் பற்றித் தூக்கிக் கவிழ்க்கும் இரும்புக் கரங்கள் சில வண்டிகளில் இருக்கும். சக்கரம் பொருத்திய தொட்டிகளையும் பல ஊர்களில் இன்று காண்கிறோம்.

சிறு சிறு பொருள்கள்தாம். ஆனால் இவை ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு முன் எத்தனையோ முதுகுகள் ஒடிந்தன. சில உயிர்களும் போயின. சுமை தூக்குவோரையும் குப்பை அள்ளுவோரையும் காப்பது எப்படி என்று மனிதன் கற்றுக்கொண்ட கதையை இங்கே காண்போம்.

உன் தொழில் என்ன?

இக்கதை இத்தாலி நாட்டில் தொடங்குகிறது. மோடெனா நகரில் பெர்னார்டினோ ரமசீனி என்றொரு மருத்துவர் இருந்தார். ஒருநாள் அவருடைய வீட்டுக் கழிவுக்குழியைச் சுத்தம் செய்ய ஒரு தொழிலாளி வந்தார். அவர் மூச்சுவிடவும் நேரமின்றி விரைந்து வேலை செய்வதைக் கண்ட ரமசீனி, ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டார். அந்தக் குழிக்குள் நெடுநேரம் இருந்தால் கண் போய்விடும் என்பது அத்தொழிலாளி தந்த விடையின் சாரம். மேலே ஏறி வந்தபோது அவருடைய கண்கள் சிவந்து மங்கியிருந்தன. அதே தொழில் செய்து பார்வையிழந்து பிச்சை எடுப்பவர்களை அந்நகரில் ரமசீனி பின்னர் கண்டார்.

இந்த நிகழ்ச்சி அவர் சிந்தையைத் தூண்டியது. சுரங்கத்திலும் சூளையிலும் தறியிலும் பாடுபடுவோரை அவர் நேரில் சென்று பார்த்தார். தாம் கண்டவற்றை 1700-ஆம் ஆண்டு ஒரு நூலாக வெளியிட்டார். தொழிலாளரின் நோய்களைப் பற்றிய அந்நூலில் சுமை தூக்குவோருக்கும் ஓர் இயல் உண்டு. பாரம் சுமப்பதால் முதுகு கூனுவதையும் குடலிறக்கம் உண்டாவதையும் அதில் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளுடன், 'உன் தொழில் என்ன?' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இதனாலேயே அவரைத் தொழில் மருத்துவத்தின் தந்தை என்கிறோம்.

கேள்வி பிறந்துவிட்டது. ஆனால் அதற்குச் செவிசாய்க்க உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

பாரிஸ் நகரின் பெட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்கள் வேகமாக வளர்ந்தன. குப்பையும் வளர்ந்தது. அழுகிய குப்பையால் நோய் பரவுகிறது என்ற அச்சமும் வளர்ந்தது. பாரிஸ் நகரின் ஆட்சியாளராக இருந்த யூஜேன் பூபெல் என்பவர் 1883-ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தார். வீட்டுச் சொந்தக்காரர்கள் தங்கள் குடியிருப்போருக்கு மூடியுள்ள பெட்டிகளை அளிக்க வேண்டும். குப்பையை அவற்றில்தான் போடவேண்டும் என்றது அது. அவர் பெயரே பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

தெரு தூய்மையாயிற்று, நோய் அச்சம் குறைந்தது. ஆனால் நிறைந்த பெட்டியை உயரமான குதிரை வண்டிக்குள் கவிழ்த்தது யார்? ஒரு மனிதன்தான். நகரத்தின் உடல்நலத்தைக் கணக்கிட்டவர்கள், பெட்டியைத் தூக்கியவனின் உடல்நலத்தைக் கணக்கிடவில்லை.

முதுகும் ஒரு நெம்புகோல்

அந்த மனிதனின் முதுகில் என்ன நிகழ்ந்தது என்பதைச் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

பள்ளியில் நெம்புகோலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நாம் குனிந்து ஒரு பொருளைத் தூக்கும்போது இடுப்புக்கு மேற்பட்ட உடல் ஒரு நெம்புகோலாக வேலை செய்கிறது. தாங்கு புள்ளி கீழ் முதுகெலும்பில் இருக்கிறது. முதுகுத் தசைகள் அப்புள்ளிக்குப் பின்னால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில் இழுக்கின்றன. கையில் உள்ள சுமையோ 40 சென்டிமீட்டர் முன்னால் இருக்கலாம். அதாவது எட்டு மடங்குத் தொலைவு. ஆகவே 20 கிலோ எடையுள்ள மூட்டைக்கு ஈடுகொடுக்கத் தசைகள் 160 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுத்தாக வேண்டும். உடலின் எடையைத் தாங்கும் விசை இதற்கு மேல். இவ்வளவும் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மெல்லிய வட்டுகளை நசுக்குகின்றன.

சுமையை உடலோடு அணைத்துப் பிடித்தால் இந்த விசை வெகுவாகக் குறையும். வீட்டுச் சாமான்களை இடம் மாற்றும் அனுபவமுள்ள தொழிலாளி பெட்டியை மார்போடு சேர்த்துக்கொள்வது இதனால்தான். ஆனால் குப்பை அள்ளுபவர் அப்படிச் செய்ய முடியுமா? மூட்டையிலிருந்து அழுகிய நீர் வடிகிறது. உள்ளே உடைந்த கண்ணாடியோ ஊசியோ இருக்கலாம். எனவே அவர் அதைத் தம் உடம்பிலிருந்து தள்ளியே பிடிக்கிறார். அசுத்தம் தோலை மட்டும் கெடுப்பதில்லை. தூக்கும் முறையையே மாற்றி முதுகையும் கெடுக்கிறது.

அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1981-இல் தூக்குவதற்கான ஒரு கணக்கீட்டை வெளியிட்டு, 1991-இல் அதைத் திருத்தியது. திருத்திய கணக்கீட்டின்படி எல்லா நிலைமைகளும் சாதகமாக இருக்கும்போதுகூடப் பரிந்துரைக்கப்படும் எடை 23 கிலோதான். சுமை 25 சென்டிமீட்டருக்குப் பதில் 50 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அது பாதியாக, 11.5 கிலோவாகக் குறைந்துவிடும். உடலைத் திருப்பித் தூக்கினால் இன்னும் குறையும். அடிக்கடி தூக்கினால் மேலும் குறையும். மூட்டையை எடுத்து, திரும்பி, வண்டியில் எறிவதை நாள் முழுதும் செய்பவரின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எந்திரம் வந்தது

சுமையைக் குறைக்க எந்திரம் வந்தது. 1938-இல் அமெரிக்காவில் கார்வுட் நிறுவனம் குப்பையை அழுத்தி அடைக்கும் லாரியை அறிமுகப்படுத்தியது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இரும்புத் தகடு குப்பையை நெருக்கித் தள்ளும். ஒரே வண்டியில் முன்னைவிட மிகுதியான குப்பையை ஏற்றலாம். நகராட்சிகளுக்கு இது பெரும் இலாபம்.

ஆனால் அந்த இரும்புத் தகட்டுக்குக் குப்பைக்கும் கைக்கும் வேறுபாடு தெரியாது. பழைய ஆபத்து மெதுவாக முதுகைத் தேய்த்தது. புதிய ஆபத்து ஒரு நொடியில் உயிரைக் குடித்தது. இதை உலகம் உணர்ந்த இடம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள மெம்பிஸ் நகரம்.

மெம்பிஸ், 1968

அந்நகரில் குப்பை அள்ளியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வீடுகளின் பின்புறம் சென்று குப்பையைத் தொட்டிகளில் கொட்டி, தலையிலும் தோளிலும் சுமந்து வந்தார்கள். ஓட்டைத் தொட்டிகளிலிருந்து கழிவுநீர் அவர்கள் மேல் வடிந்தது. நகராட்சி வைத்திருந்த பழைய வண்டிகள் ஆபத்தானவை என்று அவர்கள் முன்னரே முறையிட்டிருந்தார்கள். பயன் விளையவில்லை.

1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் பெருமழை கொட்டியது. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் இரு தொழிலாளர்கள் மழைக்கு ஒதுங்க இடம் தேடினார்கள். ஓட்டுநரின் அறையில் எல்லோருக்கும் இடமில்லை. வெள்ளையர் குடியிருப்புகளில் கறுப்பினத் தொழிலாளர் ஒதுங்கி நிற்பதும் அனுமதிக்கப்படவில்லை. எனவே இருவரும் வண்டியின் பின்பகுதியில், குப்பை விழும் அறைக்குள் புகுந்துகொண்டார்கள். திடீரென்று எந்திரம் தானாக இயங்கத் தொடங்கியது. மின்சுற்றில் நேர்ந்த கோளாறே காரணம் என்று கூறப்பட்டது. அதை நிறுத்த ஓட்டுநர் செய்த முயற்சி பலிக்கவில்லை. இருவரும் நசுங்கி மாண்டனர்.

அவர்கள் மணிக்கூலித் தொழிலாளர்கள். விபத்து இழப்பீட்டுக்கு உரிமை இல்லாதவர்கள். அவர்களுடைய குடும்பங்களுக்கு நகராட்சி கொடுத்தது ஒரு மாதச் சம்பளமும் ஈமச் செலவுக்கு 500 டாலரும் மட்டுமே.

பிப்ரவரி 12-ஆம் நாள் ஏறத்தாழ 1,300 தொழிலாளர்கள் வேலைக்குச் செல்லவில்லை. கூலி உயர்வு, சங்கத்திற்கு அங்கீகாரம், பாதுகாப்பான வேலை ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகள். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டைகளை ஏந்தி அவர்கள் தெருவில் நடந்தார்கள். பாதுகாப்புக் கோரிக்கை முழுவதும் அந்தச் சொற்களில் அடங்கியிருந்தது எனலாம். அவர்களுக்கு ஆதரவு தர வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-ஆம் நாள் அதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-இல் நகராட்சி சங்கத்தை ஏற்றுக்கொண்டது, வேலைநிறுத்தம் முடிந்தது.

குற்றம் யாருடையது?

குப்பை அறைக்குள் ஏறியது அவர்களுடைய கவனக்குறைவு அன்றோ என்று சிலர் கேட்கலாம். நண்பர்களே, வரலாறு நமக்குக் கற்றுத்தரும் பாடம் இங்கேதான் இருக்கிறது.

ஒதுங்க இடம் இருந்திருந்தால் அவர்கள் உள்ளே ஏறியிருக்க மாட்டார்கள். வண்டியின் மின்சுற்று சீராக இருந்திருந்தால் எந்திரம் தானாக ஓடியிருக்காது. நிறுத்தும் பொத்தான் பயன்பட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருக்கலாம். பழுதான வண்டியை விலக்கியிருந்தால் இவற்றில் எதுவுமே நேர்ந்திருக்காது. ஒரு விபத்துக்கு முன்னால் இத்தனை கதவுகள் இருந்தன. எல்லாக் கதவுகளும் திறந்து கிடக்க, கடைசியில் நின்ற மனிதனை மட்டும் குறை சொல்வது அறிவியல் நோக்கு ஆகாது.

இன்றைய பாதுகாப்பு இயல் இதை ஓர் ஒழுங்காக வகுத்திருக்கிறது. முதலில் ஆபத்தையே நீக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த வேறொன்றைக் கொண்டுவர வேண்டும். அதன்பின் எந்திரத்தில் தடுப்பு அமைக்க வேண்டும். அதற்கும் பிறகே விதிகளும் பயிற்சியும். கையுறை, காலணி போன்றவை வரிசையில் கடைசி. அவை தேவையில்லை என்பது பொருளன்று. அவற்றை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்பதே பொருள்.

மாறிய கருவிகள்

மெம்பிஸ் துயரம் நிகழ்ந்த அதே 1968-இல் இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்பு நிறுவனம் சக்கரம் பொருத்திய குப்பைத் தொட்டியைச் செய்தது. தொழிற்சாலைக்குள் கழிவை நகர்த்தவே அது உருவாயிற்று. பிறகு தெருவுக்கு வந்தது. தொட்டியை உருட்டிச் சென்று வண்டியின் கரத்தில் மாட்டினால் எந்திரமே தூக்கிக் கவிழ்க்கிறது. முதுகுக்கு வந்த ஆபத்து பெருமளவு நீங்கிவிடுகிறது.

குப்பை லாரிகளும் மாறின. அழுத்தும் தகட்டை இயக்கும் பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருக்கும்படி பல வண்டிகளில் அமைத்தார்கள். கையை எடுத்தால் தகடு நின்றுவிடும். பொத்தானில் இருக்கும் கை தகட்டுக்கு அடியில் இருக்க முடியாதல்லவா? எத்தனை எளிய உத்தி பாருங்கள்!

சட்டங்களும் வந்தன. அமெரிக்காவில் 1970-இல் தொழிற்பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் மாநில, நகராட்சி ஊழியர்களை அச்சட்டம் நேரடியாகக் காக்கவில்லை. மெம்பிஸ் தொழிலாளர்களைப் போன்றோர் அதற்கு வெளியே நின்றனர். அவர்களுடைய மாநிலமான டென்னசி 1972-இல் தனக்கென ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் 1974-இல் பொதுவான பாதுகாப்புச் சட்டமும், 1992-இல் கையால் சுமை தூக்குவதற்கென்றே தனி விதிகளும் வந்தன. சுமை தூக்குவதை முதலில் தவிர்க்கப் பார். தவிர்க்க இயலாதபோதுதான் அதன் ஆபத்தைக் குறை என்கின்றன அவ்விதிகள். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், குப்பையைக் கையாளும் எல்லோருக்கும் சீருடை, கையுறை, மழை அங்கி, காலணி, முகமூடி ஆகியவற்றை அளிக்க வேண்டும் என்றன. மழை அங்கி என்ற சொல்லைப் படிக்கும்போது மெம்பிஸில் பெய்த மழை நினைவுக்கு வருகிறது.

கதை முடிந்துவிடவில்லை. அமெரிக்காவில் உயிரிழப்பு விகிதம் மிகுந்த தொழில்களுள் குப்பை சேகரிப்பு இன்றும் ஒன்று. வண்டிகளால் நேரும் விபத்துகளே அவற்றில் மிகுதி.

நீங்களும் ஒரு கதவு

வாசகர்களே, நாம் மேலே சொன்ன பாதுகாப்புக் கதவுகளில் ஒன்று உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றித் தனியே கொடுங்கள். ஊசியையும் சவர அலகையும் கெட்டியான டப்பாவில் போட்டு மூடிக் கொடுங்கள். ஈரக் குப்பையைத் தனியே பிரியுங்கள், மூட்டை ஒழுகாது. பழைய மின்கலங்களைக் குப்பையில் போடாதீர்கள். வண்டியில் நசுங்கும்போது சில தீப்பற்றக்கூடும். ஒரு பெரிய மூட்டைக்குப் பதில் இரண்டு சிறிய மூட்டைகளாகக் கட்டுங்கள்.

நாளைக் காலை குப்பை வண்டி வரும்போது அதன் பின்புறத்தைப் பாருங்கள். நிறுத்தும் பொத்தான் வேலை செய்கிறதா, மழைக்கு ஒதுங்க இடம் உண்டா, கையுறை கிழியாமல் இருக்கிறதா என்று அந்தத் தொழிலாளியிடம் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று அவர் சொன்னால், அதை நகராட்சிக்கு எழுதித் தெரிவியுங்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ரமசீனி செய்ததும் இதுதான். தம் வீட்டு வேலைக்கு வந்தவரிடம் அவர் நின்று கேட்டார்.