பாடசாலைக்கு வந்த வைத்தியர்

தென்னாபிரிக்காவில் 1899 இல் மூண்ட போயர் யுத்தத்துக்கு ஆள் திரட்டப் புகுந்த பிரித்தானியர், தம் நகரங்களிலிருந்து வந்த இளைஞரைக் கண்டு திடுக்கிட்டனர். ஒடுங்கிய மார்பும் சொத்தைப் பற்களும் உடைய பலர் படைக்கு உதவாரென்று தள்ளப்பட்டனர். இந்நிலையை ஆராய்ந்த குழுவொன்று 1904 இல் வெளியிட்ட அறிக்கை, பாடசாலைப் பிள்ளைகளை முறையாக வைத்திய பரிசோதனை செய்தல் வேண்டுமென்று வற்புறுத்திற்று. பிள்ளைகள்மீது கொண்ட இரக்கத்தினும் சாம்ராச்சியத்தைப் பற்றிய அச்சமே இங்கு முந்தி நின்றது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை.

ஆயினும் இரக்கமுடையாரும் இருந்தனர். கம்பளித் தொழில் நகரமாகிய பிராட்போர்ட் 1893 இலேயே ஜேம்ஸ் கெர் என்பாரைப் பாடசாலை வைத்தியராக நியமித்திருந்தது. அடுத்த ஆண்டு அந்நகரக் கல்விச் சபைக்குத் தெரிவான மார்கரெட் மக்மிலன் அம்மையார், பசியும் அழுக்குமாக வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு எழுத்தறிவிக்க முயல்வது வீண் என்று வாதாடினார். 1897 இல் அந்நகரப் பாடசாலையொன்றிலே பிள்ளைகளுக்குக் குளியலறைகள் அமைந்தன.

பரிசோதனையை நாடெங்கும் கட்டாயமாக்கியது 1907 ஆம் ஆண்டுச் சட்டமே. கல்வி நிருவாக ஏற்பாடுகள் என்னும் சுவையற்ற பெயர் தாங்கிய அச்சட்டத்தினுள் அது ஒரு பிரிவாக நுழைந்தது. பெயரை மட்டும் படித்தவர் உள்ளே இத்துணை பெரிய மாற்றம் கிடக்குமென்று எண்ணியிரார். ஆனால், பெருங்குறையொன்றும் அதில் இருந்தது. பரிசோதிப்பது உள்ளூர்ச் சபையின் கடமை. சிகிச்சையளிப்பதோ அதன் விருப்பம். பிள்ளைக்குப் பார்வை மங்கலென்று சீட்டெழுதி அனுப்பினால், கண்ணாடி வாங்கக் காசில்லாத தாய் அச்சீட்டை வைத்துக்கொண்டு என் செய்வாள்? அடுத்த பரிசோதனையிலும் அதே பிள்ளையின் பெயருக்கு எதிரே அதே குறைதான் எழுதப்படும்.

இதனை நன்குணர்ந்த மக்மிலன் அம்மையார், இலண்டனின் போ பகுதியில் 1908 இலும், டெட்போர்டில் 1910 இலும் பிள்ளைகளுக்கெனச் சிகிச்சை நிலையங்களைத் திறக்க முன்னின்றார். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் சிகிச்சையைச் சபைகளின் கடமையாக்கிய சட்டம் 1918 இலேதான் வந்தது. கட்டணமின்றி அது கிடைப்பதற்கு 1944 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையே, 1926 இல் றொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு நம் நாட்டுக் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி, தாய்சேய் நலத்தோடு பாடசாலைப் பரிசோதனையையும் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்றிருந்தது.