மருத்துவத் தரவு ஒருங்கிணைப்பு: செய்முறைப் பயிற்சி

மருத்துவமனையின் பதிவுப் பிரிவிலும் ஆய்வுக்கூடத்திலும் மருந்தகத்திலும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நிறுவனத்தார் நிறுவிச் சென்ற கணினிகள், ஒரே நோயாளியைப் பற்றிய செய்திகளைப் பொருள் கெடாமல் தம்முள் பரிமாறிக்கொள்ளச் செய்யும் வித்தைக்குத் தரவு ஒருங்கிணைப்பு என்று பெயர். மருத்துவத் தகவலியல் மாணவர்க்கு இது விரிவுரையாகவும் போதிக்கப்படுவதுண்டு. ஆயினும் கைப்பழக்கமின்றி வசப்படும் விஷயமன்று.

அப்பியாசத்தை, மருத்துவச் செய்திப் பரிமாற்றத்துக்குத் தரம் வகுக்க 1987-இல் தோன்றிய எச்.எல்.7 அமைப்பின் இரண்டாம் பதிப்புச் செய்தியிலிருந்து தொடங்குவது நலம். பழையதாயினும் மருத்துவமனைகளுக்குள் இன்றும் ஓயாது ஓடுவது அதுவே. நோயாளியின் அடையாள விவரம் தாங்கி ‘பி.ஐ.டி.’ எனத் தொடங்கும் வரியில் செங்குத்துக் கோடுகளை விரல்விட்டு எண்ணும் மாணவர், ஐந்தாம் புலத்தில் பெயரையும் ஏழாவதில் பிறந்த தேதியையும் கண்டுகொள்கிறார். பெயர்ப் புலம் குடும்பப் பெயரை முதலில் கேட்பது; தலைப்பெழுத்தோடு வழங்கும் நம்மவர் பெயரை அதில் எங்ஙனம் பொருத்துவதென்ற சங்கடம் அங்கேயே தலைகாட்டிவிடும்.

அடுத்து, கணினிகளிடையே செய்திகளைக் கடத்தும் மிர்த் கனெக்ட் போன்ற இன்டர்ஃபேஸ் எஞ்சின் ஒன்றின் வழியே அச்செய்தியை மற்றொரு கணினிக்கு அனுப்புகிறார்கள். ‘ஏ.ஏ.’ என்று ஒப்புதல் வந்ததும் வகுப்பில் ஆரவாரம் எழும். அது அவசரமான ஆரவாரம். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 5.5 மில்லிமோல் என அனுப்பப்பட்டிருக்க, டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் எண்களை வைத்திருக்கும் கணினி, அலகைப் பாராது 5.5 என்றே பதிந்துகொண்டால், 18-ஆல் பெருக்கி 99 என நிற்க வேண்டிய சுகதேகியின் அளவு, உயிராபத்தின் அளவாகத் திரையில் தோன்றும். சேதி சேர்ந்தது, அர்த்தம் சேரவில்லை. அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-இல் தொடங்கிய லாயிங்க் என்னும் ஆய்வுக்கூடப் பரிசோதனைக் குறியீட்டில், மில்லிமோல் கணக்குக்கு 14749-6 என்றும் மில்லிகிராம் கணக்குக்கு 2345-7 என்றும் தனித்தனி எண் அளிக்கப்பட்டிருப்பதன் காரணத்தை, இந்தத் தவற்றைத் தாமே செய்து பார்த்தவர் மறப்பதில்லை.

பழைய செய்தி வடிவத்தில் கைபழகிய பின், அதே பரிமாற்றத்துக்கென 2011-இல் ஆஸ்திரேலியரான கிரஹாம் கிரீவ் முன்மொழிந்த ‘ஃபயர்’ என்னும் புதிய தரத்துக்கு மாணவர் வருகிறார்; வலைத்தள நுட்பம் அறிந்த இளைஞர்க்கு அது எளிதிற் பிடிபடும்.

இப்பயிற்சிகளுக்கென உண்மை நோயாளிகளின் ஏடுகளை மாணவர் கையில் கொடுத்தல் தகாதாகையால், மைட்டர் நிறுவனத்தாரின் சிந்தியா என்னும் மென்பொருள் உண்டாக்கும் கற்பித நோயாளிகளே பயன்படுகிறார்கள். அவர்களிடம் ஒரு குறை, மிகவும் ஒழுங்காக இருக்கிறார்கள் என்பதே. ஆதலால் தேர்ந்த ஆசிரியர், முதல் நாள் இரவே சிலருக்குப் பிறந்த தேதியை மாற்றியும் சிலரை இருமுறை பதிந்தும் ஏட்டைக் கெடுத்து வைக்கிறார். மறுநாள், ஒரே பெயருடைய இருவரை ஒருவரென எண்ணி இணைத்துவிட்ட மாணவர், பெனிசிலின் ஒவ்வாத ஒருவருடைய எச்சரிக்கைக் குறிப்பு மற்றொருவருடைய ஏட்டில் போய்ச் சேர்ந்திருப்பதைக் கண்டு, இணைத்ததைப் பிரிக்க வழி தேடத் தொடங்குகிறார்.